பாக்கெட் கேமரா: வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

தினமும் கூடவே வைத்துக்கொள்ளும் கேமரா என்றால் மெகாபிக்சலுக்கு முன்னால் தடிமனைப் பாருங்கள். ரிக்கோ ஜிஆர் 3, பேட்டரி, கார்டு சேர்த்து 257 கிராம். தடிமன் 33 மி.மீ. பேன்ட் பாக்கெட்டில் போய்விடும். ஃபியூஜி எக்ஸ்100வி 478 கிராம், 53 மி.மீ. படம் அருமையாக வரும், ஆனால் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டிய கேமரா அது.

இருட்டில் எடுப்பவர்கள் சென்சாரையும் (ஒளியைப் படமாக மாற்றும் சில்லு) லென்ஸையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் இருக்கும் '1 அங்குல' சென்சார் உண்மையில் 13.2 × 8.8 மி.மீ.தான். ஜிஆரில் இருக்கும் ஏபிஎஸ்-சி என்ற பெரிய சென்சார் அதைப்போல மூன்று மடங்கு பரப்பு. ஆனால் ஜிஆர் லென்ஸ் எஃப்/2.8, சோனி ஆர்எக்ஸ்100 5ஏ ஜூம் செய்யாதபோது எஃப்/1.8 (இந்த எண் குறையக் குறைய லென்ஸ் அதிக ஒளியை விடும்). அதனால் ஜூம் செய்யாத நிலையில் இரண்டுக்கும் வித்தியாசம் அரை ஸ்டாப்கூட வராது (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு). அதே வரிசையில் 7-வது மாடல் 200 மி.மீ. வரை ஜூம் தருகிறது, ஆனால் தொடக்கமே எஃப்/2.8. ராத்திரிப் படம்தான் முக்கியம் என்றால் 5ஏ போதும்.

*

மேலே சொன்னதோடு தூசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வகைக் கேமராக்களைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான்.

உள்ளே போய் வெளியே வரும் லென்ஸ் ஒரு சின்னத் துருத்தி மாதிரி. ஒவ்வொரு முறை நீளும்போதும் காற்றை இழுக்கும். பாக்கெட்டில் கிடக்கும் நூல் துகளும் கூடவே போகும். லென்ஸைக் கழற்ற முடியாததால், சென்சாரைத் துடைக்கக் கேமராவையே பிரிக்க வேண்டும். ஜிஆர் 3-இல் சென்சாரை அதிரவைத்து உதறும் வசதி இருக்கிறது, ஆனால் ஒட்டிக்கொண்ட தூசி அதற்கு அசையாது.

பாக்கெட்டில் அப்படியே போடாமல் நூல் உதிராத மெல்லிய உறையில் வையுங்கள். உறையையும் வாரம் ஒருமுறை உள்பக்கம் வெளியே திருப்பி உதறுங்கள். லென்ஸ் நீண்டிருக்கும்போதே குழலைச் சுற்றி மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பிறகு ஆஃப் செய்யுங்கள். அழுத்தக் காற்று டப்பாவைக் குழல் இடுக்கில் அடிக்கவே வேண்டாம், வெளியே இருந்த தூசியும் உள்ளே போய்விடும்.

*

பழைய கேமரா வாங்குபவர்கள் கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை இது. அபெர்ச்சரை, அதாவது லென்ஸ் துவாரத்தை, எஃப்/16-இல் வையுங்கள் (ஆர்எக்ஸ்100-இல் எஃப்/11 வரைதான்). ஃபோகஸை மேனுவலில் தொலைதூரத்துக்குத் தள்ளி, ஒரு வெள்ளைச் சுவரை ஒரு சாண் தூரத்தில் எடுங்கள். எடுக்கும்போது கேமராவை லேசாக ஆட்டுங்கள். சுவரின் கறை எல்லாம் கலைந்துவிடும், சென்சார் தூசி மட்டும் சாம்பல் நிறப் புள்ளியாக அதே இடத்தில் நிற்கும். எஃப்/2.8-இல் பார்த்தால் தெரியாது, விற்பவர் காட்டும் மாதிரிப் படங்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

பிறகு பத்துத் தடவை ஆன், ஆஃப் செய்து காதுகொடுத்துக் கேளுங்கள். சீரான சத்தம் நல்லது. நடுவில் 'கடகட' என்றால் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது. பைக்குள் தானாக ஆன் ஆகி, உறையில் முட்டிய லென்ஸுக்குத்தான் இது அதிகம் வரும். பேட்டரியை வெளியே எடுத்துக் கண்ணாடிமேல் வையுங்கள். தட்டையாகப் படியாமல் சுழன்றால் உப்பியிருக்கிறது, அதைத் திரும்பக் கேமராவில் போடாதீர்கள், உள்ளே சிக்கிக்கொள்ளும். ஜிஆர் 3 ஒரு சார்ஜுக்குச் சுமார் 200 படம்தான் தரும். ஆகவே உபரி பேட்டரி விலையையும் பேரத்திலேயே சேர்த்துப் பேசிவிடுங்கள்.