தேவாங்கைப் பகலில் தேடிய ஆய்வறிக்கை: ஆட்சேபணை எழுத உதவி தேவை

திண்டுக்கல் மாவட்டம் அய்யலூர் அருகே, 2022-இல் அறிவிக்கப்பட்ட கடவூர் தேவாங்கு சரணாலயத்துக்கு வெளியே அமையவிருக்கும் கல்குவாரி ஒன்றின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கையில், பாலூட்டிகள் பட்டியலில் முயலும் கீரியும் அணிலும் இருக்கின்றன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் உள்ள தேவாங்கு இல்லை. களஆய்வு காலை 6 முதல் 10 மணி வரை நடந்ததாக அறிக்கையே சொல்கிறது. இருட்டிய பிறகு வெளியே வரும் விலங்கு அந்த நேரத்தில் எப்படிக் கண்ணில் படும்?

சென்ற மாதம் நாங்கள் மூவர், சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சுடன் நான்கு இரவுகள் அந்த நிலத்தின் வேலியோரமாக நடந்தோம். கிளுவையிலும் உடைமரங்களிலும் 11 இடங்களில் அருகருகே இரண்டு செம்மஞ்சள் புள்ளிகளாகக் கண்ணொளி தெரிந்தது. ஒவ்வோர் இடத்துக்கும் நேரமும் ஜிபிஎஸ் குறிப்பும் வைத்திருக்கிறோம். தேவாங்குதான் என்று சொல்லுமளவுக்குத் தெளிவான படங்கள் இரண்டே.

அறிக்கை தயாரித்த ஆலோசனை நிறுவனத்துக்கு இருமுறை எழுதியும் பதில் இல்லை. அலுவலகத்தில் நேரில் கேட்டபோது, பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் சொல்லுமாறு அனுப்பிவிட்டார்கள். கூட்டத்துக்கு 12 நாள்களே உள்ளன.

இரவுக் கணக்கெடுப்பை முறையாக நடத்தக் கோரும் எழுத்துப்பூர்வ ஆட்சேபணையில், இந்தப் பதிவுகளை எந்த வடிவத்தில் இணைத்தால், குவாரியின் சுற்றுச்சூழல் அனுமதியைப் பரிசீலிக்கும் மதிப்பீட்டுக் குழு அவற்றைச் சான்றாக ஏற்கும்?