16 வயது மகன், வீட்டுக் கார், க்ளோவ் பாக்ஸில் துப்பாக்கி: டெக்சாஸ் சட்டம் என்ன சொல்கிறது?

டாலஸ்_அம்மா (கேள்வி):
எல்லோருக்கும் வணக்கம். பெரியவனுக்கு 16 முடிந்து டிரைவிங் லைசென்ஸ் கையில் வந்துவிட்டது. இதுவரை அவன் அப்பா மட்டும் ஓட்டிய வண்டி இனிமேல் பள்ளிக்கு, நீச்சல் பயிற்சிக்கு என்று வாரத்தில் பாதி நாள் இவனிடம்தான் இருக்கும். வீட்டுக்காரர் கைத்துப்பாக்கியை எப்போதும் அதே வண்டியின் க்ளோவ் பாக்ஸில் (முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் சின்ன மூடி அறை), தோட்டா போட்டே வைத்திருப்பார். அவருக்குக் கிரீன் கார்டு (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) இருக்கிறது, துப்பாக்கியும் முறைப்படி வாங்கியதுதான். நடுராத்திரி வேலை முடிந்து தனியாக வருகிறவர், அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் பேச்சை எடுத்தாலே, "வண்டியைப் பூட்டித்தானே வைக்கிறேன், டெக்சாஸில் காரில் வைக்க லைசென்ஸே வேண்டாம், அது அங்கே இருப்பதே அவனுக்குத் தெரியாது" என்று முடித்துவிடுகிறார். வண்டியைப் பூட்டினால் சட்டப்படி போதுமா? பையன் அதோடு பள்ளிக்குப் போய் நின்றால் வழக்கு யார் மேல் வரும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹூஸ்டன்காரன்:
அக்கா, லைசென்ஸ் வேண்டாம் என்பது அவர் அளவில் சரிதான். ஆனால் பிள்ளைகள் கைக்குத் துப்பாக்கி எட்டுவது பற்றி டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தில் தனியாக ஒரு பிரிவு இருக்கிறது, 46.13. 17 வயது நிரம்பாத பிள்ளையிடம் தோட்டா போட்ட துப்பாக்கி போய்ச் சேர்ந்து, அதைப் பத்திரப்படுத்தாமல் விட்டது பெரியவரின் அலட்சியம் என்றால் அது குற்றம். தோட்டா சேம்பரில், அதாவது சுடத் தயாராகக் குழலில், ஏறியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, உள்ளே மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டி) இருந்தாலே கணக்கு. எட்டியது மட்டும் என்றால் 500 டாலர் வரை அபராதம். பிள்ளை சுட்டு யாராவது இறந்தாலோ பலத்த காயம் பட்டாலோ ஒரு வருடம் வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். பெரியவர் கூடவே இருந்து வேட்டைக்கோ சுடும் பயிற்சிக்கோ கொடுத்தால் விலக்கு உண்டு, பள்ளிக்கு ஓட்டிப் போவது அதில் வராது.

பத்திரப்படுத்துவது என்றால் பூட்டிய பெட்டியில் வைப்பது, டிரிகர் லாக் (விசையை இழுக்க முடியாதபடி போடும் பூட்டு) போடுவது மாதிரி, புத்தியுள்ள எவரும் செய்கிற ஏற்பாடு என்று சட்டமே சொல்கிறது. வண்டியைப் பூட்டுவது திருடனைத் தடுக்கும். சாவியையே மகன் கையில் கொடுத்துவிட்டால் அவனைப் பொறுத்தவரை அங்கே பூட்டே இல்லை. இது வீட்டுக்கு மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். துப்பாக்கி விற்கிற கடைகளில் கட்டாயம் மாட்டியிருக்க வேண்டிய எச்சரிக்கைப் பலகையில், பிள்ளைகளுக்கு எட்டும்படி வைப்பதோடு எடுத்துச் செல்வதும் சேர்ந்தேதான் இருக்கிறது.

ஆஸ்டின்_தமிழ்:
அவனுக்குத் தெரியாது என்கிறாரே, அதைத்தான் நான் சுத்தமாக ஏற்க மாட்டேன். புதிதாக வண்டி ஓட்டுகிற பையனை என்றைக்காவது போலீஸ் நிறுத்தும். லைசென்ஸ், இன்சூரன்ஸ் எடு என்பார். இன்சூரன்ஸ் அட்டை எங்கே இருக்கும்? க்ளோவ் பாக்ஸில். பதற்றத்தில் இருக்கிற 16 வயதுப் பிள்ளை போலீஸ்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைத் திறக்கிறான், அட்டைக்கு மேலே துப்பாக்கி கிடக்கிறது. அந்த ஒரு நொடியை உங்கள் வீட்டுக்காரரிடம் அப்படியே சொல்லுங்கள், வேறெதுவும் சொல்ல வேண்டாம்.

சட்டத்துக்கு வருவோம். ஃபெடரல் சட்டப்படி, அதாவது நாடு முழுவதற்குமான சட்டப்படி, 18 வயதுக்குக் கீழே உள்ளவர் கைத்துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. பண்ணை வேலை, வேட்டை, சுடும் பயிற்சி போன்ற சில விலக்குகளுக்குக்கூடப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் பையனிடம் இருக்க வேண்டும். அடுத்தது பள்ளி. பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி இருந்தால் அது தனி ஃபெடரல் குற்றம். தோட்டா எடுத்து, பூட்டிய பெட்டியில் இருந்தால் விலக்கு. அந்த மாநிலத்தின் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவருக்கும் விலக்கு. இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியைக் கூடவே எடுத்துச் செல்லலாம் என்பதால் எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள், ஆனால் லைசென்ஸ் எடுக்காதவருக்கு அந்த ஃபெடரல் விலக்கு கிடைக்காது. அப்படியென்றால், சின்னவனைப் பள்ளியில் இறக்கிவிடப் போகும்போது உங்கள் வீட்டுக்காரருக்கே இது பிரச்சினை. யார் மேல் வழக்கு என்று கேட்டீர்கள், பையன் தெரிந்தே வைத்திருந்தால் அவன் மேல், எட்டும்படி விட்டதற்கு அப்பா மேல், இரண்டும் ஒரே நாளில் வரலாம். பள்ளியிலிருந்து ஒரு வருட நீக்கம் வேறு.

இன்னொன்று. 46.13 படி 17 வந்துவிட்டால் அவன் பிள்ளை இல்லை. டெக்சாஸில் 17 வயதுக்காரரைக் குற்ற வழக்கில் பெரியவராகவே விசாரிப்பார்கள். அதனால் அடுத்த பிறந்தநாள் வந்தால் கவலை தீரும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள், அப்போது பையனுக்குத்தான் ஆபத்து கூடும்.

மேற்கு_டெக்சாஸ்:
பயமுறுத்துவதையே எல்லோரும் செய்கிறீர்கள். இங்கே பண்ணைப் பக்கம் பையன்கள் 12 வயதிலேயே சுடக் கற்றுக்கொள்கிறார்கள். மறைத்து வைப்பதைவிடச் சொல்லிக்கொடுப்பது நல்லது. முறையாகப் பயிற்சி கொடுங்கள், பையன் பொறுப்பாக இருப்பான்.

ஹூஸ்டன்காரன்:
பயிற்சி நல்லதுதான் அண்ணே, மறுக்கவில்லை. ஆனால் பயிற்சி பெற்ற பையனுக்கும் காதல் தோல்வி வரும், மார்க் குறையும், நண்பர்கள் முன்னால் காட்டத் தோன்றும். வண்டியில் மூன்று பேர் ஏறினால் அவர்களுக்கும் சேர்த்தா பயிற்சி கொடுக்க முடியும்?

செவிலி_சான்ஆன்டோனியோ:
46.13 இல் இன்னொரு வரி இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. பிள்ளை அந்தத் துப்பாக்கியால் தன்னையே சுட்டு இறந்துவிட்டாலோ பலத்த காயம் பட்டாலோ, குடும்பத்தாரை ஏழு நாள் கழியும் முன் கைது செய்யக்கூடாது. எதற்காக அப்படி ஒரு வரி தேவைப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். சகோதரி, உங்கள் பையன் நல்லவனா என்பது இங்கே கேள்வியே இல்லை. இந்த வயதில் மனம் உடைகிற நேரம் சில நிமிடங்கள்தான் இருக்கும், அந்த நிமிடங்களில் கைக்கு என்ன எட்டுகிறது என்பதுதான் எல்லாம். நானும் இதே டெக்சாஸில் பிள்ளை வளர்க்கிறேன்.

500 டாலர்தானே என்று அலட்சியமாக இருப்பவர்களுக்கு ஒன்று: மிச்சிகன் மாநிலம் ஆக்ஸ்ஃபோர்டில் 2021 நவம்பரில் 15 வயது மாணவன் பள்ளியில் நான்கு பேரைச் சுட்டுக் கொன்றான். 2024 இல் அவன் தாய், தகப்பன் இருவருக்குமே தலா 10 முதல் 15 ஆண்டு சிறைத்தண்டனை. அது வீட்டில் இருந்த துப்பாக்கிதான், அதை அவனுக்கு எட்டும்படி விட்டதும் வழக்கில் முக்கியமான விஷயமாக இருந்தது.

டாலஸ்_அம்மா:
இன்சூரன்ஸ் அட்டை விஷயத்தைச் சொன்னேன். முதல் முறையாகப் பதில் பேசாமல் கேட்டார். இனி என்ன செய்யலாம்? வண்டியிலேயே வைக்க வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறார்.

ஆஸ்டின்_தமிழ்:
சரி, வைக்கட்டும், பூட்டி வைக்கட்டும். இரும்புக் கம்பிவடத்தால் சீட்டின் அடிச்சட்டத்தோடு கட்டுகிற சின்னப் பெட்டிகள் கிடைக்கின்றன. எண் அவருக்கு மட்டும் தெரிய வேண்டும். பையன் சாவி எடுக்கிற நாளில் பெட்டியும் உள்ளே இருக்கும் துப்பாக்கியும் சேர்ந்து வண்டியை விட்டு இறங்க வேண்டும், இதில் மட்டும் சமரசம் வேண்டாம். கொலராடோவில் 2025 ஜனவரியிலிருந்து, ஆள் இல்லாத வண்டியில் கைத்துப்பாக்கியை வெளியே தெரியாதபடி கெட்டியான பூட்டுப்பெட்டியில்தான் வைக்க வேண்டும், வண்டியும் பூட்டியிருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் க்ளோவ் பாக்ஸைப் பூட்டினாலும் அது பூட்டிய பெட்டியாகக் கணக்கில் வராது. விடுமுறைக்கு அந்தப் பக்கம் காரில் போனால் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம், இன்சூரன்ஸ் அட்டையை இன்றைக்கே சன் வைசருக்கு (கண்ணாடிக்கு மேலே இருக்கும் வெயில் மறைப்பு) மாற்றுங்கள்.