கரப்பானுக்கு அருகன் தைலம்: ஸ்டீராய்டு களிம்போடு சேர்த்துப் பூசலாமா?

மடிப்பு_அரிப்பு: 6 வயசுப் பையன். முழங்கை, முழங்கால் மடிப்பில் கரப்பான் (எக்ஸிமா). ஹைட்ரோகார்ட்டிசோன் 1% களிம்பு போட்டுட்டு வரோம். அருகன் தைலம் வீட்டிலேயே காய்ச்ச என்ன அளவு? ரத்தத்தில் ஐஜிஇ (ஒவ்வாமையில் கூடும் எதிர்ப்புப் புரதம்) கூடுதல்னு வந்திருக்கு, தைலம் அதைக் குறைக்குமா?

கல்வம்: தேங்காய் எண்ணெய் 250 மி.லி., அருகம்புல் சாறு 1 லிட்டர், அதிமதுரத்தை அரைச்ச கல்கம் 60 கிராம். வரப்புப் புல் வேண்டாம், களைக்கொல்லி பட்டிருக்கும். சிறுதீயில் அடிப்பிடிக்காமல் கிண்டணும். கல்கத்தை விரலில் உருட்டினால் திரியாக வரணும். அதைத் தீயில் காட்டினால் சடசடக்கக் கூடாது. சத்தம் வந்தால் நீர் மிச்சமிருக்கு, தைலம் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும். பதம் தாண்டிக் கருகினால் பூசின இடம் எரியும்.

தோல்_தடுப்பு: ஐஜிஇ-யைத் துரத்தாதீங்க. கரப்பானில் தோலின் மேலடுக்கு பலவீனம். தூசிப் பூச்சி, மகரந்தம் உள்ளே போனதும் டிஎச்-2 என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் ஐஎல்-4, ஐஎல்-13 என்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கும். அதனால் ஐஜிஇ ஏறுது, அதே ஐஎல்-4, 13 மேலடுக்குப் புரதமான ஃபிலாக்ரினையும் குறைக்குது. எண்ணெய் செய்யும் முக்கிய வேலை ஈரத்தைக் காப்பது. இந்தச் சுழற்சிக்கு அது ஓரளவு தடை, அவ்வளவுதான். நோய் எதிர்ப்பையே மாத்தும்னு விற்கிறவங்க பேச்சை நம்ப வேண்டாம்.

கல்வம் சொன்ன அதிமதுரத்தில் ஒரு சிக்கல். அதன் கிளிசிரெட்டினிக் அமிலம், ஹைட்ரோகார்ட்டிசோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கும். ஒரே இடத்தில் இரண்டும் பட்டால் ஸ்டீராய்டின் வீரியம் கூடும். குழந்தைத் தோலில் அது கவலைதான். களிம்பைத் திடீர்னு நிறுத்தவும் கூடாது, டாக்டர் சொல்றபடி குறைக்கணும்.

மடிப்பு_அரிப்பு: அப்போ அதிமதுரம் இல்லாமல் காய்ச்சலாமா?

கல்வம்: தோல்_தடுப்பு சொல்றது சரி. அருகம்புல்லையே 60 கிராம் அரைச்சுக் கல்கமாகப் போடுங்க. கல்கமே இல்லைன்னா பதம் பார்க்கிறது கஷ்டம்.

பச்சிலை: முதலில் முன்கை உட்புறம், நல்ல தோலில் ஒரு சொட்டு, 48 மணி நேரம் பாருங்க. பச்சிலை ஒவ்வாமை பெரும்பாலும் தாமதமாகத்தான் தெரியும். களிம்புக்கும் தைலத்துக்கும் அரை மணி இடைவெளி விடுங்க. தேன்நிறப் பொருக்கு, சீழ் இருந்தால் தைலமே வேண்டாம், கிருமித்தொற்று, டாக்டரிடம் காட்டுங்க. குப்பைமேனி, வேப்பிலையைப் பச்சையா அரைச்சுப் புண்ணில் அப்பாதீங்க. வேப்பெண்ணெயைக் குழந்தைக்கு உள்ளுக்கு எந்த அளவிலும் கொடுக்கக் கூடாது, வலிப்பு வரலாம், மூளை பாதிக்கும். சீட்டு ஒட்டாத டப்பாவில் 'மூலிகை' களிம்புன்னு வாங்கி இரண்டே நாளில் அரிப்பு மாயமானால், உள்ளே வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கான்னு சந்தேகப்படுங்க.