புதுப்பிப்பு: டிஃபரென்ஷியல் ரீஸ்டோர் ஆகாததன் காரணம் கிடைத்துவிட்டது

முந்தைய பதிவில் கேட்டது இது: எஸ்கியூஎல் சர்வர் (மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருள்) சோதனை ரீஸ்டோரில் ஞாயிறு ஃபுல் பேக்கப் ஏறியது, புதன் டிஃபரென்ஷியல் (கடைசி ஃபுல்லுக்குப் பின் மாறியதை மட்டும் கொண்ட பேக்கப்) 3136 பிழையோடு, அதாவது சரியான அடிப்படை ஏற்றப்படவில்லை என்று சொல்லி, நின்றது.

கோப்பில் கோளாறு இல்லை. பேக்கப் வரலாற்றைப் பதிந்துவைக்கும் எம்எஸ்டிபி தரவுத்தளத்தின் பேக்கப்செட் அட்டவணையில் தினமும் இரவு 1 மணிக்கு இன்னொரு ஃபுல் பேக்கப் பதிவாகியிருந்தது, ஸ்னாப்ஷாட் (அந்த நொடி நிலையின் நகல்) வகையில். விஎம் (மெய்நிகர் கணினி) பேக்கப் மென்பொருள் விஎஸ்எஸ் (விண்டோஸின் ஸ்னாப்ஷாட் சேவை) வழியாக எடுப்பது அது. காப்பி ஒன்லி (மற்ற பேக்கப்களின் வரிசையைத் தொடாத தனி நகல்) அல்லாத எந்த ஃபுல் பேக்கப்பும் டிஃபரென்ஷியலின் அடிப்படையைத் தன்மேல் மாற்றிக்கொள்ளும். அதனால் புதன் கோப்பு ஞாயிறு ஃபுல்லோடு பொருந்தவே பொருந்தாது.

விஎம் ஜாபில் அந்தச் சர்வருக்கு மட்டும் காப்பி ஒன்லி போட்டாயிற்று. அதோடு விட்டுவிடாதீர்கள்: அடிப்படை இன்னும் பழைய ஸ்னாப்ஷாட்தான், உடனே ஒரு புது ஃபுல் எடுத்தாக வேண்டும்.

நல்லவேளையாக லாக் சங்கிலி (தரவு மாற்றங்களைப் பதியும் லாக் பேக்கப்களின் தொடர்) இதனால் அறுபடுவதில்லை. ஞாயிறு ஃபுல்லை நோரிகவரியில் (மேலும் கோப்புகள் ஏற்ற இடம்விடும் நிலையில்) ஏற்றி, 15 நிமிட லாக் கோப்புகளை ஒன்றுவிடாமல் வரிசையாகப் போட்டால் தரவு முழுதாக வரும். நேரம்தான் பிடிக்கும். விஎம் ஜாபே லாக்கை ட்ரங்கேட் செய்யும்படி (பழைய பதிவுகளை நீக்கும்படி) வைத்திருந்தால் இந்த வழியும் அடைபட்டிருக்கும். அதை முதலில் பாருங்கள்.