பங்க் ராக் எங்கிருந்து வந்தது? மகனுக்காகக் கேட்கிறேன்

உறுமிக்காரன்:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் இருக்கிறோம். மகன் படிவம் நான்கு. மாலையானால் இரண்டு கூட்டாளிகளோடு வாசலில் கித்தார் அடிக்கிறான். ஒவ்வொரு பாட்டும் இரண்டு நிமிடத்தில் முடிகிறது. பங்க் என்கிறான். இருபது வருடமாகத் திருவிழாக்களில் உறுமி வாசிக்கிறேன், சத்தம் எனக்குப் புதிதல்ல. இது எங்கே தொடங்கியது, நம் மலேசியாவுக்கு எப்படி வந்தது?

பழையகேசட்:
அண்ணே, இரண்டு நிமிடம் என்றால் ராமோன்ஸ் பாட்டாக இருக்கும். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதிப் பையன்கள், 1974-இல் சேர்ந்தவர்கள். அப்போது ராக் என்றால் பெரிய மேடை, நீண்ட கித்தார் வாசிப்பு. இவர்கள் மூன்றே மூன்று கார்டை (சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு) வைத்துக்கொண்டு வேகமாக அடித்தார்கள். 1976-இல் வந்த முதல் இசைத்தட்டில் 14 பாட்டு, மொத்தமே அரை மணி நேரம்தான்! அந்த ஜூலையில் லண்டனில் வாசித்தார்கள். அங்கே செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு ஏற்கெனவே கிளம்பியிருந்தது. மறு வருடம் ராணியின் வெள்ளி விழா நேரத்தில் அவர்கள் போட்ட பாட்டை பிபிசி தடை செய்தும் அது விற்பனையில் இரண்டாம் இடம் வரை போனது.

எனக்குப் பெரிதாகப் படுவது மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு செய்ததுதான். எந்தக் கம்பெனி வாசலிலும் நிற்கவில்லை. கடன் வாங்கி, நான்கு பாட்டைப் பதிவு செய்து, 1977 ஜனவரியில் சொந்தமாக 1,000 தட்டு போட்டார்கள். நம் உறுமிக் குழுவும் அப்படித்தானே? அண்ணன் வாசிப்பதைப் பார்த்துத் தம்பி பழகுவான், ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சட்டை தைப்போம்.

இங்கே வந்தது பெரும்பாலும் கேசட்டில், கைக்குக் கை. கேசட் வாங்க, கார்பன் தாளில் ரிங்கிட் நோட்டை மடித்து உறைக்குள் வைத்து அனுப்புவோம். கோலாலம்பூரில் 1991-இல் தொடங்கிய கார்புரேட்டர் டங் குழுவின் பாட்டெல்லாம் அப்படித்தான் என் கைக்கு வந்தது. ஒரு கேசட் இன்னும் வைத்திருக்கிறேன். அட்டை போட்டோஸ்டாட், பாட்டுப் பெயர்கள் நீலப் பேனாவில். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு பாதியிலேயே நாடா தீர்ந்து நின்றுவிடும். இன்றைக்கு முழுப் பாட்டைக் கேட்டாலும் என் மனம் அந்த இடத்தில் ஒரு நொடி நிற்கிறது.

தோட்டத்துப்பெண்:
அண்ணா, மொட்டை அடித்த இனவெறிக் கும்பல்களும் இந்தப் பாட்டுதான் கேட்கும் என்கிறார்களே? என் தம்பியும் கேட்கிறான், அம்மாவுக்குப் பயம்.

பழையகேசட்:
அப்படிச் சிலர் நுழைந்தது உண்மைதான், தங்கச்சி. ஆனால் எதிர்த்து நின்றதும் இந்த இசைக்காரர்கள்தான். 1978 ஏப்ரல் 30-இல் லண்டன் விக்டோரியா பூங்காவில் இனவெறிக்கு எதிராகப் பெருங்கூட்டம் கூடியது. கிளாஷ் குழு வாசித்தது, எக்ஸ்-ரே ஸ்பெக்ஸும் வாசித்தது. அந்தக் குழுவில் பாடிய பாலி ஸ்டைரீனின் அப்பா சோமாலியாக்காரர். இதை அம்மாவிடம் சொல்லுங்கள்.

உறுமிக்காரன்:
நன்றி தம்பி. நேற்று மகன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். தாளத்துக்கு ஒன்றும் இல்லாமல் பிஸ்கட் டின்னைத் தட்டுகிறார்கள், ஆனால் காலப்பிரமாணம் பிசகவில்லை. ஈப்போ பக்கம் யாரிடமாவது பழைய டிரம் செட் விலைக்கு இருந்தால் சொல்லுங்கள். ஏற்றி வர வேன் இருக்கிறது.