இலையை மடித்த பிறகும் உட்கார்ந்திருக்கலாமா?

செந்தூல்_தம்பி:
சனிக்கிழமை இரவு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பள்ளி நண்பர்கள் ஏழு பேர் கூடினோம். ஆறு வருடத்துக்குப் பிறகு எல்லாரும் ஒரே மேசையில். ஒருத்தன் ஜொகூரிலிருந்து பஸ் ஏறி வந்தான். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. பாகற்காய்ப் பொரியல் மொறுமொறு, ஆட்டு வறுவலில் கறிவேப்பிலை வாசம். மலாய் நண்பன் எங்களைவிட அழகாகப் பிசைந்து சாப்பிட்டான். சீனத் தோழி மூன்று டம்ளர் ரசம் குடித்தாள்.

எட்டரைக்கு இலையை மடித்தோம். பேச்சு சூடு பிடித்ததே அப்புறம்தான். ஒன்பதரைக்கு மேலாளர் வந்து, "அண்ணே, ஆள் காத்திருக்காங்க, மேசை வேணும்" என்றார். பில் 312 வெள்ளி (ரிங்கிட்), சேவைக் கட்டணம் 10 விழுக்காடும் அதில் சேர்த்தி. இவ்வளவு வாங்கிக்கொண்டு எழுப்பிவிடுவது நியாயமா?

முன்னாள்_பரிமாறி:
நியாயம்தான் தம்பி. படிக்கும் காலத்தில் இரண்டு வருடம் வாரக் கடைசிகளில் பங்சாரில் இலை போட்டவன் நான். இலையை நம் பக்கமாக மடித்தால் 'திருப்தி, போதும்' என்று அர்த்தம். எடுக்கும் பையன் அதைப் பார்த்துத்தான் வருவான். நீங்களே முடித்துவிட்டோம் என்று சொல்லிவிட்டு இன்னும் ஒரு மணி நேரம் ஏழு நாற்காலியைப் பிடித்து வைத்தால் எப்படி?

சோறு, காய்கறி, அப்பளம், ரசம் எல்லாம் கேட்கக் கேட்க வரும். கடைக்கு அதில் என்ன நிற்கும்? வறுவலும் மீனும் விற்றால்தான் காசு. மேசை ராத்திரிக்கு இரண்டு சுற்றாவது சுற்றவேண்டும். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்தப் பணம் உங்கள் அரட்டையிலிருந்து வராது.

கிள்ளான்_அக்கா:
ஒரு நிமிஷம். பில்லில் இரண்டு தொகை தனித்தனியாகச் சேர்ந்திருக்கும். 6 விழுக்காடு சேவை வரி அரசாங்கத்துக்குப் போவது. 2024 மார்ச்சில் மற்ற பல சேவைகளுக்கு 8 ஆக ஏற்றியபோதும் சாப்பாட்டுக்கு 6-லேயே விட்டார்கள். ஆனால் அந்த 10 விழுக்காடு? கடை தானாகப் போட்டுக்கொள்வது, எந்தச் சட்டமும் போடச் சொல்லவில்லை. சேவை என்று வாங்கினால் உட்கார விடுவதும் அதில் அடக்கம்தான். அவசரம் என்றால் 'ஒன்றரை மணி நேரம்தான்' என்று வாசலில் பலகை மாட்டுங்கள். வந்து உட்கார்ந்த பிறகு சட்டம் பேசக்கூடாது.

பட்டர்வொர்த்காரன்:
பினாங்குக்கு வாருங்கள், இந்தச் சண்டையே இருக்காது. நாசி கண்டார் என்கிற சோறு-குழம்புக் கடையில் வரிசையில் நின்று, எல்லாக் குழம்பையும் 'பஞ்ஜிர்', அதாவது வெள்ளமாக, ஊற்றச் சொல்லி, சாப்பிட்டு, கை கழுவி எழுந்துவிடுவோம். பேச்செல்லாம் பாடாங் கோத்தா கடற்கரையில். அந்தச் சாப்பாடே அவசரத்துக்குப் பிறந்ததுதான். தோளில் தடி வைத்து, இரண்டு பக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டு, நம் தமிழ் முஸ்லிம்கள் துறைமுகக் கூலிகளுக்கு விற்றார்கள். கேம்பல் ஸ்திரீட் ஹமீதியா 1907-லிருந்து ஓடுகிறது. அரட்டைக்கு இடம் கொடுத்தா ஓடுகிறது?

கிள்ளான்_அக்கா:
உங்களுக்குக் கடற்கரை இருக்கிறது, சரி. கோலாலம்பூரில் நாலு பெண்கள் ராத்திரி பத்து மணிக்கு எங்கே போய் உட்காருவது? மாமாக் கடையில், அதான் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், பெரிய திரையில் பந்தாட்டம் ஓடும். ஒவ்வொரு கோலுக்கும் கத்துவார்கள். பக்கத்தில் இருப்பவள் சொல்வது காதில் விழாது. சாப்பிட்ட இடத்தை விட்டால் எங்களுக்கு வேறு இடம் இல்லை.

முன்னாள்_பரிமாறி:
அது நான் யோசிக்காத விஷயம். பலகை மாட்டுவதும் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சேவைக் கட்டணம் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நான் இருந்த கடையில் அதை மாதக் கடைசியில் எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். வாசலில் நின்றவர்கள் சலித்துப் போய் அடுத்த கடைக்குப் போனால் எங்கள் பங்கும் கூடவே போகும். நீங்கள் கொடுத்த அந்தப் பத்தில் எங்களுக்கு லாபம், நீங்கள் உட்கார்ந்ததில் எங்களுக்கு நட்டம்.

கல்யாணப் பந்தியில் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார்களே, அங்கே யாராவது சண்டை போடுகிறோமா?

கிள்ளான்_அக்கா:
பந்தியில் யாரும் பில் கொடுப்பதில்லை.

பட்டர்வொர்த்காரன்:
மொய்?

செந்தூல்_தம்பி:
அடப்பாவி.

சரி, ஒன்றை மறைத்துவிட்டேன். காத்திருந்தவர்களில் ஊன்றுகோலோடு ஒரு பாட்டி இருந்தார். ஒன்பது மணிக்கே பார்த்தேன். பார்க்காத மாதிரி டீ சொன்னேன். மேலாளர் வந்தபோது வந்த கோபத்தில் பாதி அதனால்தான். வெளியே வந்து காருக்குப் பக்கத்தில் நின்றபடி பதினொன்றரை வரை பேசினோம். ஜொகூர்க்காரன் கால் வலிக்கிறது என்று கார் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்துகொண்டான்.

அடுத்த மாதம் மறுபடி கூடுகிறோம். ஆறு மணிக்கே போய்விடலாம் என்று பேச்சு. அந்த நேரத்தில் கடை காலியாக இருக்குமா அண்ணே?

முன்னாள்_பரிமாறி:
சனிக்கிழமை வேண்டாம். செவ்வாய்க்கிழமை போங்கள். பத்து மணி வரை ஒருத்தரும் எழுப்ப மாட்டார்கள். போகும்போது அந்த மேலாளருக்கு ஒரு வணக்கம் வையுங்கள்.

கிள்ளான்_அக்கா:
பலகை மாட்டியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்து இங்கே எழுதுங்கள் தம்பி.