ஒரு நாளைக்கு எத்தனை மில்லிமீட்டர்?

வெட்டுக்கத்தி: ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசி போட்டால் அறுந்த கை நரம்பு ஒரே மாதத்தில் சரியாகிவிடும் என்று காக்கைச்சிறகு நேற்று எழுதியிருக்கிறார். நரம்பு வளர்வது நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். முழங்கையில் அறுந்தால் மணிக்கட்டுக்கு 25 சென்டிமீட்டர். 250 நாள் ஆகும், ஐயா.

காக்கைச்சிறகு: 1 மில்லிமீட்டர் பழைய பஞ்சாங்கம். கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து, நரம்பு இழையைச் சுற்றியிருந்து அது வளர உதவும் ஸ்வான் செல் மாதிரி மாற்றி வைத்தால் வேகம் கூடும். எலியில் காட்டியிருக்கிறார்கள்.

வெட்டுக்கத்தி: எலிக்குக் காலுக்குப் போகும் சயாட்டிக் நரம்பில் 10 மில்லிமீட்டர் வெட்டி எடுத்துவிட்டுச் சோதிப்பார்கள். அதன் நரம்பு சும்மா விட்டாலே நம்முடையதைவிட வேகமாக வளரும். உங்களுக்கு வால் இருந்தால் சொல்லுங்கள், கணக்கை மாற்றுகிறேன்.

வெறும்பாதம்: எனக்குக் கெண்டைக்காலிலிருந்து சூரல் என்ற தொடு உணர்வு நரம்பை எடுத்து முன்கையில் வைத்துத் தைத்தார்கள். பாதத்தின் வெளியோரம் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. கையில் விரலால் தட்டினால் ஓர் இடத்தில் சுர்ரென்று இழுக்கும். நரம்பு வளர்ந்து வந்து சேர்ந்த முனை அதுதான். அந்த இடம் மெல்லக் கீழே இறங்கும். பேனாவால் குறித்து வைத்தேன், மாதம் மூன்று சென்டிமீட்டர்கூட நகரவில்லை.

காக்கைச்சிறகு: பேனாக் கோடெல்லாம் ஆதாரமா? குளித்தால் அழியாதா?

வெறும்பாதம்: அழியும். மச்சத்திலிருந்து அளந்தேன். மச்சம் அழியாது.

சொல்லேர்: எல்லோரும் 'ஸ்டெம் செல்' என்கிறீர்களே, குருத்தணு என்று எழுதினால் கை வலிக்குமா?

வெட்டுக்கத்தி: வந்துவிட்டார். போன தடவை தண்டணுவா குருத்தணுவா என்று 40 பதிவு ஓட்டியவர். விஷயத்துக்கு வருகிறேன். தசை காத்திருக்காது. ஒன்றரை வருடம் நரம்பில்லாமல் கிடந்தால், அப்புறம் நரம்பு போய்ச் சேர்ந்தாலும் பெரும்பாலும் பயனில்லை. அதனால்தான் 1 மில்லிமீட்டர் என்று கத்துகிறேன். அறுந்த இரு முனைகளை வெற்றுக் குழாய் வைத்து இணைப்பதும் இடைவெளி 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான். அதற்கு மேல் இன்றும் சொந்த நரம்புதான் முதல் தேர்வு.

காக்கைச்சிறகு: சொந்த நரம்பு எடுத்தால் பாதம் மரக்கிறதே, அதற்குப் பதில்?

வெட்டுக்கத்தி: பேச்சை மாற்றாதீர்கள். நாளைக்கு எத்தனை மில்லிமீட்டர்?

சொல்லேர்: தண்டணு என்று நான் சொல்லவே இல்லை. அது உங்கள் நண்பர் கிளப்பியது.

காக்கைச்சிறகு: 1 மில்லிமீட்டர், 1 மில்லிமீட்டர். கிளி வளர்க்கிறீர்களா?

வெட்டுக்கத்தி: எலியைவிடக் கிளி மேல். ஒரு மாதக் கணக்கை எப்போது திருத்துகிறீர்கள்?

சொல்லேர்: 40 பதிவு இல்லை, 31. எண்ணிப் பாருங்கள்.